கால்களுக்கு முன் காதுகளைப் பழக்குதல்: குழந்தைகள் மீதான வன்கொடுமைக்கு எதிரான சைக்கிள் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில் ஒரு தேநீர்க் கடையில் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "இதைச் சொல்றதுக்கு எதுக்குத் தம்பி சைக்கிள்? பஸ்ல போனா ஒரே நாள்ல பத்து ஊர்ல சொல்லிடலாமே." அப்போது எனக்குப் பதில் வரவில்லை. கடையைவிட்டுக் கிளம்பி நாலு கிலோமீட்டர் மிதித்த பிறகுதான், பேருந்தில் போயிருந்தால் அவர் என்னிடம் எதையுமே கேட்டிருக்க மாட்டார் என்பது உறைத்தது. மூட்டை கட்டிய சைக்கிளோடு வியர்த்து வந்து நிற்பவனிடம் எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று மூன்று கேள்விகளை யாரும் கேட்பார்கள். மூன்றாவது கேள்விக்கான பதில்தான் நாம் சொல்ல வந்த செய்தி. வீடுகளில் வாய் திறந்து பேசாத ஒன்றைப் பேசுவதற்கு, எதிரில் இருப்பவரே முதலில் கேட்டுவிடுவதைப் போன்ற வசதி வேறில்லை.

இவ்வகைப் பயணங்கள் புதியவை அல்ல. பீகாரைச் சேர்ந்த ராகேஷ் குமார் சிங், பாலினப் பாகுபாட்டையும் பெண்கள் மீதான வன்முறையையும் பற்றிப் பேசுவதற்காக 2014 மார்ச்சில் சென்னையிலிருந்துதான் தம் நெடும்பயணத்தைத் தொடங்கினார். மத்தியப் பிரதேசத்தின் ஆஷா மாளவியா, பெண்கள் பாதுகாப்பை முன்வைத்து 2022 நவம்பரில் போபாலிலிருந்து தனியாகக் கிளம்பி நாட்டைச் சுற்றினார். இவர்களைப் போல ஆண்டுக்கணக்கில் சாலையில் இருக்க எல்லாராலும் முடியாது. முடியவேண்டும் என்பதும் இல்லை. வேலைக்குப் போகிறவர் ஒருவர் எட்டு ஒன்பது நாள் விடுப்பில் செய்யக்கூடிய ஒரு பயணத்தையே, முதன்முறையாகக் கிளம்புகிறவரை மனத்தில் வைத்து, இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

முதற்படி: எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்பதைக் குறுக்கிக்கொள்ளுதல்

'வன்கொடுமைக்கு எதிராக' என்று மட்டும் பதாகையில் எழுதிக்கொண்டு கிளம்பினால், கேட்பவர் தலையாட்டுவார். ஆனால் அடுத்த நாள் அவர் செய்யவேண்டியது எதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது. குடும்ப வன்முறை, முதியோரைப் புறக்கணித்தல், குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டமும் தனி உதவி எண்ணும் தனிப் பேச்சு முறையும் உண்டு. ஒரு பயணத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரை குழந்தைகளைப் பற்றியதை எடுத்துக்கொள்கிறது.

பேசுவதற்கு முன் சிலவற்றைப் பிழையில்லாமல் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. அவர்களில் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோர் சிறுவர்கள். 'பெண் பிள்ளையைப் பெற்றவர்கள்தான் கவலைப்பட வேண்டும்' என்று தேநீர்க் கடையில் ஒருவர் சொல்லும்போது இந்த ஒரு தகவல் பேச்சின் திசையையே மாற்றிவிடும். போக்சோ எனப்படும் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினெட்டு வயது நிறையாத ஆண், பெண் இருபாலரையும் அது குழந்தை என்றே கொள்கிறது. அதன் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்குத் தொடர முடியாது. தெரிந்தும் தெரிவிக்காமலிருப்பது 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 'ஸ்டேஷனுக்குப் பிள்ளையைக் கூட்டிட்டு அலைய முடியுமா' என்பது பெற்றோர் வழக்கமாகச் சொல்லும் தயக்கம். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் உதவி ஆய்வாளர் நிலையிலுள்ளவர், சீருடையில்லாமல் வந்து பதிய வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்வதை நீங்கள் அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

எண்களையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112, தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கு 14417, இணையவழிக் குற்றங்களுக்கு 1930. பல ஊர்களில் 'அந்த நம்பர் இப்போ வேலை செய்யுதா' என்று கேட்பார்கள். அதற்கு வாயால் பதில் சொல்லாமல், பயணத்தின் முதல் நாளே நீங்கள் 1098ஐ ஒருமுறை அழைத்து, உங்கள் பயணத்தைச் சொல்லி, அந்தந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோடு எப்படித் தொடர்பு கொள்வது என்று கேட்டுவிடுங்கள். அழைத்துப் பார்த்தவனின் பேச்சுக்கு வேறு எடை உண்டு.

இரண்டாம் படி: வழியும் நாளும்

நான் பரிந்துரைப்பது திருச்சியிலிருந்து கன்னியாகுமரி வரையிலான, ஏறத்தாழ 425 கிலோமீட்டர் வழி. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை 55, அங்கிருந்து திருமயம் வழியாகக் காரைக்குடி 40, திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை 90, விருதுநகர், சாத்தூர் கடந்து கோவில்பட்டி கிட்டத்தட்ட 100, கயத்தாறு வழியாகத் திருநெல்வேலி 55க்குச் சற்று மேல், நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு வழியாகக் கன்னியாகுமரி 85 கிலோமீட்டர். ஆறு நாள் மிதிப்பு. மதுரையில் ஒரு நாளும் நெல்லையில் ஒரு நாளும் வெறுமனே விட்டுவிடுங்கள். அந்த இரண்டு நாள்களும் ஓய்வுக்காக மட்டுமல்ல. வேறு எதற்காக என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

புதுக்கோட்டையில் ஒரு நாள் தங்கவேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார். பல்லாயிரம் கிராமப்புறப் பெண்கள், தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் கணவனையோ மகனையோ எதிர்பார்த்து நிற்காத நிலை அதனால் வந்தது. யாரையும் எதிர்பார்த்து நிற்காத நிலைக்கும் கொடுமையிலிருந்து விலகி வர முடிவதற்கும் உள்ள தொடர்பை நான் விளக்க வேண்டியதில்லை. அன்று கற்றுக்கொண்ட பெண்கள் இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள். சைக்கிளை நிறுத்தினால் அவர்களே வந்து பேசுவார்கள். உங்கள் பயணத்தின் நோக்கத்தை எல்லாரையும்விட வேகமாகப் புரிந்துகொள்பவர்களும் அவர்களே.

காலம், பொங்கல் விடுமுறை முடிந்தது முதல் பிப்ரவரி நடு வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. மார்ச்சில் பொதுத்தேர்வு தொடங்கிவிட்டால் எந்தத் தலைமையாசிரியரும் உங்களுக்கு அரைமணி நேரம் தர மாட்டார். ஏப்ரல், மே வெயிலில் கோவில்பட்டிக் கரிசல்காட்டு வழியே மிதிக்கச் சொல்லி நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை பணகுடியிலிருந்து காவல்கிணறு வரை மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, தெற்கே போகும் சைக்கிளைச் சாலையைவிட்டு இடது ஓரத்துக்கு வெளியே தள்ளிவிடும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை யாரும் அழகுக்காக நட்டுவைக்கவில்லை.

மூன்றாம் படி: சைக்கிளும் உடம்பும்

விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. கியர் வைத்த சாதாரண ஹைபிரிட் சைக்கிள் போதும். உறுதியான கேரியர் பொருத்த முடிகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். சீட்டின் உயரத்தைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு: சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் முழுதாக நீண்டிருக்க வேண்டும். மிகத் தாழ்வான சீட்டில் உட்கார்ந்து மிதிப்பதே புதியவர்களின் முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் காரணம்.

பஞ்சர் ஒட்டும் கடை வழிநெடுக உண்டு. ஆனால் உங்கள் சைக்கிளின் டியூப் அங்கே கிடைக்காது. கிராமத்துக் கடைகளில் இருப்பவை பழைய 28 அங்குலச் சைக்கிளுக்கும் 26 அங்குலச் சைக்கிளுக்கும் உரியவை. ஹைபிரிட் சைக்கிள்களில் வரும் 700சி அளவு நகரங்களில்தான் கிடைக்கும். ஆகவே இரண்டு டியூப், ஒட்டுப் பசையும் ரப்பரும், டயர் கழற்றும் நெம்புகோல் மூன்று, கைப்பம்ப், ஆலன் சாவிக்கொத்து, செயினுக்கு எண்ணெய் ஆகியவை பையில் இருக்க வேண்டும். வால்வு மெல்லியதான பிரெஸ்டா வகை என்றால், காற்றடிக்கும் கடைகளின் குழாய் அதில் பொருந்தாது. அதற்கான சிறிய பித்தளை அடாப்டரை இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று எப்படியும் தொலையும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டைகளை மாற்றிவிடுவது நல்லது.

பயிற்சிக்குப் பத்து வாரம் வேண்டும். வாரத்துக்கு மூன்று முறை இருபது கிலோமீட்டரில் தொடங்கி, வாரந்தோறும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாமல் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். கடைசி இரண்டு வாரங்களில், பயணத்தில் கொண்டுபோகும் அதே மூட்டையுடன், அடுத்தடுத்த இரண்டு நாள்களில் அறுபது அறுபது கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். முதல் நாள் யாரும் ஓட்டிவிடுவார்கள். இரண்டாம் நாள் காலையில் அதே சீட்டில் மறுபடி உட்கார முடிகிறதா என்பதே சோதனை. நெடுந்தொலைவு சைக்கிள் பயணங்களை நடத்தும் ஆடாக்ஸ் அமைப்பின் 200 கிலோமீட்டர் பயணங்களைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிப்பவர்களைப் பார்த்து மிரள வேண்டாம். அவர்களுக்குப் பிற்பகலில் பள்ளியில் பேச்சு இல்லை.

நான்காம் படி: அனுமதி

தனியாகவோ இருவராகவோ சைக்கிளில் போவதற்கு அனுமதி தேவையில்லை. கூட்டமாகப் பேரணி நடத்தினாலோ ஒலிபெருக்கி வைத்தாலோ காவல்துறையின் முன் அனுமதி வேண்டும். எனினும், எட்டு மாவட்டங்கள் வழியாகப் போகிறீர்கள் என்பதால், ஒவ்வொரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் உங்கள் பெயர், நாள்வாரியான வழி, தங்குமிடம், நோக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் ஒரு மாதத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

பள்ளிகளுக்குள் நுழைவது வேறு. முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துவழி அனுமதி இல்லாமல் எந்தப் பள்ளி வாசலிலும் போய் நிற்காதீர்கள். 2024 ஆகஸ்டில், கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம் நடத்தியவர்களால் மாணவிகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானது தமிழகத்தையே உலுக்கியது. நல்ல காரியம் செய்ய வந்தவர்கள் என்ற தோற்றத்தோடுதான் அவர்கள் உள்ளே வந்தார்கள். ஒரு தலைமையாசிரியை உங்களை வாசலில் நிறுத்தி அடையாள அட்டை கேட்டு, கடிதத்தை இரண்டு முறை படித்து, 'உறுதிசெய்துகொண்டு சொல்கிறேன்' என்று திருப்பி அனுப்பினால், அவர் மீது மனத்தாங்கல் கொள்ளாதீர்கள். நீங்கள் ஊர் ஊராகப் போய் எதைச் செய்யுங்கள் என்று சொல்கிறீர்களோ, அதைத்தான் அவர் உங்களிடம் செய்திருக்கிறார்.

அனுமதி கிடைத்த பள்ளிகளில் சில கட்டுப்பாடுகளை நீங்களே உங்களுக்கு விதித்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் ஒருவர், இயன்றவரை ஆசிரியை ஒருவர், முழு நேரமும் உடனிருக்க வேண்டும். எந்தக் குழந்தையோடும் தனியாக நிற்கக் கூடாது. குழந்தைகளைப் படம் எடுக்கக் கூடாது. கைப்பேசி எண்ணைக் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. மிட்டாய் கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் பலர் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் கொடுக்கும் எதையும் வாங்காதே என்று சொல்லிவிட்டு, முன்பின் தெரியாத நாமே சாக்லேட் நீட்டினால் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்?

ஐந்தாம் படி: என்ன பேசுவது

இப்படிக் கிளம்புகிறவர்கள் கொடுமையைப் பற்றிப் பேசுவதோடு, அன்பாயிருங்கள் என்றும் சொல்ல விரும்புகிறார்கள். நானும் முதல் பயணத்தில் 'எல்லோரிடமும் அன்பாக இருப்போம்' என்று துணியில் எழுதிக் கேரியரில் கட்டிக்கொண்டு போனேன். அந்த வாசகத்தை இப்போது நான் குழந்தைகள் முன் சொல்வதில்லை.

காரணம் இதுதான். போக்சோ வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டுகளின் அறிக்கைகள் காட்டுகின்றன. உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், பாடம் சொல்லிக்கொடுப்பவர், ஆட்டோ ஓட்டுபவர் ஆகிய இவர்கள் முதல் நாளே கொடுமைக்காரர்களாக வருவதில்லை. தின்பண்டம் வாங்கித் தந்து, கைப்பேசியில் விளையாட விட்டு, வீட்டில் திட்டு வாங்காமல் காப்பாற்றி, அன்பானவராகவே வருகிறார்கள். அப்படிப்பட்டவரிடம் சிக்கிய குழந்தையின் முன் நின்று 'அன்பு காட்டுபவர்களிடம் அன்பாக இரு, பெரியவர்கள் சொன்னால் கேள்' என்று நாம் பேசினால், அவர் செய்த வேலையின் மிச்சத்தை நாம் முடித்துக்கொடுக்கிறோம். நம் ஊரில் நல்ல பிள்ளை என்பதற்குச் சொன்னபடி கேட்கும் பிள்ளை என்றே பொருளாகிவிட்டது. அன்பையும் கீழ்ப்படிதலையும் பிரித்துக் காட்டாத எந்தப் பேச்சும் குழந்தைகளுக்குப் பாதுகாப்பானதல்ல.

ஆகவே குழந்தைகளிடம் அன்பைப் பற்றிப் பேசும்போது அதற்கு ஓர் அடையாளம் சொல்லிக்கொடுங்கள்: உண்மையான அன்பு ரகசியம் கேட்காது. 'இதை அம்மாவிடம் சொல்லாதே' என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், அதைத்தான் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அம்மா கேட்கவில்லையென்றால் ஆசிரியையிடம், அவரும் கேட்கவில்லையென்றால் 1098இல், யாராவது ஒருவர் நம்பும்வரை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' என்பதைவிடப் 'பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல்' என்று சொல்வது நல்லது. கெட்டது என்று சொல்லிவிட்டால், தானும் கெட்டுப்போய்விட்டதாக நினைத்துக் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். எல்லாப் பாதுகாப்பற்ற தொடுதலும் அந்த நேரத்தில் வலிப்பதாகவோ அருவருப்பாகவோ தோன்றும் என்றும் இல்லை. தவறு ஒருபோதும் உன்னுடையதல்ல என்ற வாக்கியத்தைப் பேச்சில் குறைந்தது மூன்று முறையாவது சொல்லுங்கள்.

பெரியவர்களிடம் பேசும்போது அன்பு வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே அது, குழந்தை சொல்வதைத் திட்டாமல் கேட்பது. மாமாவுக்கு முத்தம் கொடு என்று வற்புறுத்தாமல் இருப்பதும், மதிப்பெண்ணுக்காக அடிக்காமல் இருப்பதும் அதில் சேரும். தேநீர்க் கடையில் நீளமாகப் பேச இயலாது. மேற்சொன்னவற்றில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு 1098ஐ மும்முறை சொல்ல வைத்துவிட்டுக் கிளம்பலாம். பள்ளிகளில் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். பதினொன்றாம் வகுப்பு மாணவர்களிடம் அரசு கொடுத்த சைக்கிள் இருக்கும். உங்கள் பேச்சை விட்டுவிட்டு அவர்கள் உங்கள் கியரைத்தான் முதலில் ஆராய்வார்கள். ஆராயட்டும். ஆசிரியை பார்க்கும் இடத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு அதைச் சுற்றி நின்று பேசுவது, மேடை போட்டுப் பேசுவதைவிட எனக்கு எப்போதும் நன்றாக அமைந்திருக்கிறது.

பாதிக்கப்பட்டவர்களின் கதைகளைச் சொல்லாதீர்கள். முந்திய ஊரில் கேட்டதை அடுத்த ஊரில் பெயரை மாற்றிச் சொல்வதும் கூடாது. ஊர்களுக்கு இடையே நாற்பது கிலோமீட்டர்தான், உறவினர் வலை அதைவிட நீளம். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், பள்ளி, குடும்பம், ஊர் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்களில் வெளியிடுவதைப் போக்சோவின் 23ஆம் பிரிவு தடை செய்கிறது. சமூக ஊடகப் பக்கத்தில் நீங்கள் அன்றன்று எழுதும் குறிப்பையும் இந்தக் கண்கொண்டு ஒருமுறை படித்துவிட்டே வெளியிட வேண்டும்.

ஆறாம் படி: ஒரு குழந்தை உங்களிடம் சொல்லிவிட்டால்

இதற்குத்தான் மதுரையிலும் நெல்லையிலும் நாள்களை விட்டுவைக்கச் சொன்னேன். பேச்சு முடிந்து எல்லாரும் கலையும்போது ஒருவர் தயங்கி நிற்பார். அது மாணவியாக இருக்கலாம், மாணவனாக இருக்கலாம், சில நேரம் முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சுமந்துகொண்டிருக்கும் ஓர் ஆசிரியராகவும் இருக்கலாம். இந்த ஐந்து நிமிடத்துக்கு நீங்கள் தயாராக இல்லையென்றால், நானூறு கிலோமீட்டர் மிதிக்கத் தயாரானதில் பயனில்லை.

ஆசிரியை கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, குழந்தையின் உயரத்துக்கு உட்கார்ந்து, கேளுங்கள். குறுக்கிடாதீர்கள். 'நிஜமாகவா' என்று கேட்காதீர்கள். அந்த ஒரு சொல்லில் குழந்தை தன்னை மூடிக்கொள்ளும். எத்தனை முறை, எங்கே, எப்படி என்று துருவக் கூடாது. அது பயிற்சி பெற்றவர்களின் வேலை, நாம் கேட்டுக் குழப்பினால் பின்னர் வழக்கும் பலவீனப்படும், குழந்தையும் அதே வேதனையைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டி வரும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது சட்டப்படி உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு. 'நீ சொன்னது சரி. உன் மேல் தவறில்லை. உன்னைப் பாதுகாப்பதற்கு உதவக்கூடிய ஒருவரிடம் மட்டும் நான் இதைச் சொல்ல வேண்டும்' என்பது போதும்.

பிறகு, குழந்தை பயன்படுத்திய அதே சொற்களில் கேட்டதை எழுதி, நாளும் நேரமும் குறித்து, 1098ஐயோ காவல்துறையையோ அழைக்க வேண்டும். 1098 அழைப்பு குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும், தேவைப்பட்டால் குழந்தைகள் நலக் குழுவுக்கும் போய்ச்சேரும். பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் மீதே குழந்தை சொல்லியிருந்தால், நிர்வாகத்திடம் முதலில் போகாமல் நேராக வெளியே தெரிவியுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரைத் தேடிப்போய்க் கேட்பது, ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பேசுவது ஆகிய இரண்டையும் அறவே தவிர்க்க வேண்டும்; கூட்டிப் பேசும் இடத்தில் பெரும்பாலும் குழந்தையின் வாய்தான் அடைக்கப்படுகிறது. அலுவலர்கள் வந்து பொறுப்பேற்கும் வரை அந்த ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள். அன்றைய எண்பது கிலோமீட்டர் போகட்டும்.

கேட்டவருக்கும் இது பாரம்தான். அன்றிரவு தனியாக அறையில் படுத்து மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருக்காமல், பெயர், ஊர் எதையும் சொல்லாமல், கிளம்புவதற்கு முன்பே இதற்கென்று பேசிவைத்திருக்கும் நண்பர் ஒருவரை அழைத்துப் பேசுங்கள். இதுபோல நேர்ந்தால் நிறுத்திவிட்டு வீடு திரும்பவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஏழாம் படி: சாலையில்

மற்றவை எளியவை. ஜனவரி இறுதியில் ஆறரை மணியை ஒட்டித்தான் விடிகிறது. வெளிச்சம் வந்த பிறகே கிளம்பி, பத்தரை, பதினொன்றுக்குள் பெரும்பகுதியை முடித்துவிட்டால் பிற்பகல் பள்ளிக்குக் கிடைக்கும். நூறு கிலோமீட்டர் நாளான மதுரை–கோவில்பட்டிப் பகுதியில் மட்டும் பேச்சு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மதுரைக்குத் தெற்கே நான்குவழிச் சாலை. இடது ஓர வெள்ளைக் கோட்டுக்கு வெளியே போக இடமுண்டு, ஆனால் அதே ஓரத்தில் எதிர்த்திசையில் இருசக்கர வாகனங்கள் வரும், கண்ணாடித் துண்டுகளும் கிடக்கும். மேம்பாலத்திலிருந்து இறங்கும் வண்டிகள் வந்து சேரும் இடங்களில் நின்று பார்த்துவிட்டே கடக்க வேண்டும். பகலிலும் பின்விளக்கு எரியட்டும். தலைக்கவசம் இல்லாமல் பாதுகாப்பைப் பற்றிப் பேசப் போகிறவரைப் பிள்ளைகள் மதிப்பதில்லை.

மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மோரோ, உப்பு சர்க்கரைக் கரைசலோ. காலையில் இட்லி, பொங்கல். வழியில் வாழைப்பழமும் கடலை மிட்டாயும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது; நான் அங்கே அரைக் கிலோ வாங்கிக் கன்னியாகுமரி போவதற்குள் தீர்த்துவிடுவேன், அதைப் பயிற்சிக் குறிப்பாகக் கொள்ள வேண்டாம். பஞ்சு வைத்த கால்சட்டையைத் தினமும் துவைத்து உலர்த்துங்கள். உரசும் இடங்களில் கிளம்பும் முன் தேங்காய் எண்ணெய் தடவினால் புண் வராது.

பதாகை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. முன்பு சொன்ன துணியை நான் கேரியரில் இரண்டு குச்சிகளுக்கு இடையே பாய்மரம்போலக் கட்டியிருந்தேன். காவல்கிணற்றுக்கு அருகே ஒரு லாரி கடந்த வேகத்தில் அது என்னைச் சாலையோரப் பள்ளத்தில் இறக்கிவிட்டது. முழங்கை உரிந்ததோடு போயிற்று. முதுகில் அச்சடித்த சட்டையும், பையின் மேல் ஒட்டிய 1098 என்ற நான்கு எண்களும் போதும். பின்னால் வரும் பேருந்தின் ஓட்டுநர் முதல் கடைசி இருக்கை வரை எல்லாரும் படிக்கிறார்கள்.

சாலையில் பணம் வாங்காதீர்கள். தேநீருக்குக் காசு வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னால் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளலாம்; நன்கொடை என்று யாராவது நீட்டினால், பதிவுபெற்று ரசீது தரும் குழந்தைகள் நல அமைப்பு ஒன்றின் விவரத்தைக் கொடுத்து அங்கே அனுப்பச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: திரும்பிய பிறகு

கன்னியாகுமரி ரயில் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் சைக்கிளைப் பதிவுசெய்து உங்களோடு அதே வண்டியில் கொண்டுவரலாம். வண்டி கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள், பெடலைக் கழற்றி, ஹேண்டில் பாரைத் திருப்பி, பழைய சாக்கால் சுற்றி, பெயரும் ஊரும் இரண்டு இடத்தில் எழுதுங்கள். சைக்கிளின் விலையைச் சான்றோடு கேட்கக்கூடும் என்பதால் வாங்கிய ரசீதின் நகலும் கையிலிருக்கட்டும்.

வீடு வந்து சேர்ந்த வாரத்திலேயே, பேசிய ஒவ்வொரு பள்ளிக்கும் நன்றிக் கடிதம் ஒன்று எழுதி, அதோடு உதவி எண்கள் அச்சிட்ட சுவரொட்டி இரண்டை வைத்து அனுப்புங்கள். ஒன்று வராந்தாவுக்கு, மற்றது கழிப்பறைக் கதவின் உட்புறத்துக்கு. யாரும் பார்க்காமல் ஒரு குழந்தை அந்த எண்ணை மனப்பாடம் செய்யக்கூடிய இடம் அதுதான்.

இரண்டு வாரம் கழித்துத் தலைமையாசிரியைகளை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழையுங்கள். சுவரொட்டி ஒட்டியாயிற்றா, மாணவர்கள் எதையேனும் கேட்டார்களா, 1098இலிருந்து யாரேனும் வந்து வகுப்பெடுக்க ஏற்பாடு செய்து தரவேண்டுமா என்று கேளுங்கள். அவர்களில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, 'நீங்கள் வந்துபோன மறுநாள் ஒரு பிள்ளை வந்து சொன்னது, தெரிவிக்க வேண்டியவர்களுக்குத் தெரிவித்துவிட்டோம்' என்று சொல்லக்கூடும். யார் என்று கேட்காதீர்கள்.